திரும்பும் வழியும் திரும்பா வழியும்



என் அப்பா ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் அதில் ஐந்து சின்னச் சக்கரங்களால் ஆனது. ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை இலக்கங்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் 99998-ஐத் தொட்டது. அப்பா என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். 99999 வந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர். வலது ஓரச் சக்கரம் மெல்ல நகர, மற்ற நான்கும் அதோடு சேர்ந்து புரள, ஐந்து பூஜ்யங்கள் வரிசையாக வந்து நின்றன. "வண்டி புதுசாயிருச்சு பாரு" என்றார் அப்பா.

அந்தச் சக்கரங்களை ஐந்தோடு நிறுத்தாமல் இடப்பக்கம் முடிவே இல்லாமல் அடுக்கிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? இன்றைய பேச்சு முழுக்க இந்த முடிவில்லாத மீட்டரை நான் கையில் வைத்திருக்கப் போகிறேன். இடவியல் குலம், இடவியல் அரைக்குலம் என்ற இரண்டையும் விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் குலம். ஒரு காலத்தில் நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'தனிநிலைக் கணக்கியல்' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் குலமும் அரைக்குலமும் வரும். இங்கே அமர்ந்திருக்கும் சிலர் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். ஒரு கணம், அதில் ஒரு செயலி. இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் கணத்துக்குள்ளேயே ஒன்று கிடைக்க வேண்டும். மூன்றைச் சேர்க்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறக் கூடாது. இந்த இரண்டு மட்டும் இருந்தால் அரைக்குலம். இதோடு, எதையும் மாற்றாத சமனி உறுப்பு ஒன்றும், ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் வேலையைத் திருப்பிப்போடும் எதிர்மறை உறுப்பும் இருந்தால் அது குலம்.

ஒரு கண்ணாடி வளையலை மேசைமேல் படுக்கவைத்துச் சுழற்றுங்கள். எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் அது முன்பு இருந்தபடியே தெரியும். அந்தச் சுழற்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குலம். வலப்பக்கம் 10 பாகை சுற்றினால் இடப்பக்கம் 10 பாகை சுற்றி மீட்டுவிடலாம். காப்பி போடுகிறோம். டிகாக்‌ஷனில் பாலை ஊற்றியாயிற்று. இனிப் பாலைத் தனியே எடுக்க முடியாது. மேலும் மேலும் கலக்கலாம். கலந்ததைப் பிரிக்க முடியாது. இது அரைக்குலத்தின் உலகம். குலத்தில் திரும்பும் வழி உண்டு; அரைக்குலத்தில் பொதுவாகக் கிடையாது.

இனி 'இடவியல்' என்ற அடைமொழி. இடவியல் என்பது அண்மையைப் பற்றிய கணிதம். எது எதற்குப் பக்கத்தில், எது எதை நோக்கி நெருங்குகிறது என்பதே அதன் கேள்வி. தூரத்தை அளக்கும் அளவுகோல்கூடக் கட்டாயம் இல்லை, பக்கம் என்பதற்கு ஒரு தெளிவான பொருள் இருந்தால் போதும். ஒரு கணத்தில் குலச் செயலியும் இருக்கிறது, அண்மையும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் ஒப்பந்தம் கேட்கிறோம். உறுப்புகளைக் கொஞ்சம் நகர்த்தினால் அவற்றின் விடையும் கொஞ்சமே நகர வேண்டும், எதிர்மறையும் அப்படியே. இதைத்தான் தொடர்ச்சி என்கிறோம். ஒப்பந்தம் நிறைவேறினால் அது இடவியல் குலம். அரைக்குலத்துக்குச் செயலி தொடர்ச்சியாக இருந்தால் போதும், அது இடவியல் அரைக்குலம்.

கேட்பது சின்ன நிபந்தனைதான். ஆனால் அது அந்தக் கணத்தின் அமைப்பை எவ்வளவு இறுக்கிக் கட்டிவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் முதல்முறை பார்ப்பதுபோல் எனக்கு வியப்பு வருகிறது. அந்த வியப்பை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

மீட்டருக்கு வருவோம். இடப்பக்கம் முடிவில்லாமல் நீளும் இலக்கவரிசை ஒவ்வொன்றையும் 'மீட்டர் எண்' என்று வைத்துக்கொள்வோம். கணிதர்கள் இதை 10-ஆடிக் எண் என்பார்கள். இந்த வகை எண்களை 1897-இல் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான குர்ட் ஹென்சல். நமக்குப் பழக்கமான 7 என்ற எண் இங்கே …0007. கூட்டல் வழக்கம்போல வலமிருந்து இடமாக, கையிருப்பைச் சுமந்துகொண்டு போகும். அண்மைக்கு மட்டும் புதிய விதி: இரண்டு எண்களின் கடைசி இலக்கங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு அவை பக்கம். அதனால் இங்கே 1-க்கு 2 பக்கம் இல்லை, 1000001-தான் பக்கம். 10, 100, 1000, 10000 என்று போகும் வரிசை நம் பழைய கணக்கில் எங்கோ ஓடிப்போகிறது. மீட்டரில் அது பூஜ்யத்தை நெருங்குகிறது.

இப்போது …9999 என்று எல்லா இலக்கமும் ஒன்பதாக உள்ள எண்ணோடு 1-ஐக் கூட்டுங்கள். பூஜ்யம் எழுதிக் கையிருப்பு ஒன்று, பூஜ்யம் எழுதிக் கையிருப்பு ஒன்று. கையிருப்பு இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், எங்கும் இறங்காது. விடை …0000. அப்படியென்றால் …9999 என்பது –1! அப்பாவின் ஸ்கூட்டர் காட்டியது அதைத்தான். கழித்தல் குறியே இல்லாத மீட்டரில் எதிர்மறை எண்கள் தாமே வந்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லா எண்ணுக்கும் இப்படி எதிர்மறை உண்டு. ஆகவே இது குலம். கூட்டிய விடையின் கடைசி மூன்று இலக்கங்கள், கூட்டப்படும் எண்களின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டுமே பொறுத்தவை. மூன்றுக்குப் பதில் முந்நூறு என்றாலும் அப்படியே. இதுதான் தொடர்ச்சி. எனவே இது இடவியல் குலமும்கூட.

இடவியல் குலத்தின் முதல் பண்பு, அதில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருப்பது. ஓர் உறுப்பை எடுத்து எல்லாவற்றோடும் கூட்டினால் குலம் முழுவதும் இடம்பெயரும். எதிர்மறையைக் கூட்டினால் பழைய இடத்துக்கே வரும். இரண்டு பயணமும் தொடர்ச்சியானவை. அதனால் சமனி உறுப்பின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் குலத்தின் எந்த மூலையிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே தேற்றமாகவே நிற்கிறது. இணைந்த ஒரே துண்டாக உள்ள குலம் என்றால், சமனியைச் சுற்றி ஒரு சிட்டிகை அளவு இடம் போதும். அந்தச் சிட்டிகையில் உள்ள உறுப்புகளையும் அவற்றின் எதிர்மறைகளையும் திரும்பத் திரும்பச் சேர்த்தே குலம் முழுவதையும் நிரப்பிவிடலாம்.

தொடர்ச்சி என்ற சின்ன நிபந்தனையின் இந்த வலிமையைப் பற்றிய மிகப் பெரிய கேள்வி 1900 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் நடந்த ஓர் உரையிலிருந்து வந்தது. பன்னாட்டுக் கணித மாநாட்டில் டேவிட் ஹில்பர்ட் வரும் நூற்றாண்டுக்கான கணக்குகளைப் பற்றிப் பேசினார். அச்சில் வந்த பட்டியலில் 23 கணக்குகள். ஐந்தாவது கணக்கு, முந்தைய ஆண்டு காலமான நார்வேக் கணிதர் சோபஸ் லீயின் குலங்களைப் பற்றியது. லீ ஆராய்ந்த குலங்கள் சுழற்சி, நகர்வு போன்றவை. அவற்றில் வகைநுண்கணிதம் செய்யலாம். செய்யலாம் என்பதை லீ ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொண்டிருந்தார். ஹில்பர்ட் கேட்டார்: அந்த நிபந்தனை வேண்டுமா? தொடர்ச்சி மட்டும் இருந்தால் மற்றது தானாக வந்துவிடாதா?

கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தொடர்ச்சி என்பது மிக எளிய பண்பு. கோட்டைக் கையெடுக்காமல் வரைந்தால் தொடர்ச்சி. அதில் எத்தனை முறிவு, எத்தனை கூர்முனை வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாத தொடர்ச்சியான வளைவரைகளும் உண்டு. குலமாக இருப்பதே அந்த முறிவுகளையெல்லாம் தேய்த்து மழமழப்பாக்கிவிடுமா என்பதுதான் கேள்வி.

விடை வர 52 ஆண்டுகள் ஆயின. 1933-இல் ஜான் வான் நாய்மன் கச்சிதமான குலங்களுக்கு (இந்தச் சொல்லின் பொருளைப் பின்னால் சொல்கிறேன்) விடை சொன்னார். 1934-இல் லெவ் பொன்ட்ரியாகின், சேர்க்கும் வரிசை மாறினாலும் விடை மாறாத பரிமாற்றுக் குலங்களுக்குச் சொன்னார். 1952-இல் ஆண்ட்ரூ கிளீசன் ஒரு கட்டுரையும், டீன் மான்ட்கோமரியும் லியோ ஸிப்பினும் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுத, கணக்கு முடிந்தது. ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் கோடு, தளம், வெளி என்று ஏதோ ஒரு பரிமாணத்தின் சாதாரண வெளியைப்போல் தோன்றும் இடவியல் குலம் எதுவானாலும் அது லீ குலமே. ஹில்பர்ட் எதிர்பார்த்ததுபோலவே நிபந்தனை தேவையற்றது. கிளீசன் முனைவர் பட்டமே வாங்காதவர் என்பதை ஆய்வு மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன்.

அந்த நிரூபணத்தின் உயிர்நாடி ஒரு சின்னக் கருத்து. வளையலுக்கு வாருங்கள். சமனிக்குப் பக்கத்தில், 10 பாகைக்குள் உள்ள சுழற்சிகளை மட்டும் பாருங்கள். அதில் எந்தச் சுழற்சியை எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தாலும், சும்மா இருப்பதைத் தவிர மற்ற எல்லாம் எப்போதாவது அந்த 10 பாகையைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஆகவே அந்தச் சின்ன இடத்துக்குள், சமனி மட்டும் உள்ளதைத் தவிர, ஓர் உட்குலம் (குலத்துக்குள் தானே குலமாக நிற்கும் பகுதி) ஒளிந்திருக்க முடியாது. இதற்குச் 'சிறு உட்குலம் இல்லாமை' என்று பெயர். மீட்டரிலோ கதை வேறு. பூஜ்யத்தின் பக்கம் என்றால் கடைசி மூன்று இலக்கங்கள் 000 ஆக உள்ளவை. அவற்றைத் தங்களுக்குள் எத்தனை முறை கூட்டினாலும் கடைசி மூன்று 000-தான். முந்நூறு பூஜ்யம் கேட்டாலும் அப்படியே. எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அங்கே ஒரு முழு உட்குலம் குடியிருக்கிறது. லீ குலத்துக்கும் மீட்டருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. 1953-இல் ஹிதேஹிக்கோ யமாபே இந்த வழியை மேலும் விரித்து, உள்ளூரளவில், அதாவது ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலாவது, கச்சிதமான குலம் ஒவ்வொன்றிலும் லீ குலங்களால் தோராயப்படுத்தக்கூடிய ஒரு திறந்த உட்குலம் உண்டு என்று நிறுவினார்.

பொன்ட்ரியாகினைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1908-இல் மாஸ்கோவில் பிறந்தவர். 14 வயதில் பம்பு ஸ்டவ் வெடித்துப் பார்வை போயிற்று. அவர் அம்மா தத்யானா அந்திரேயெவ்னா தையல் வேலை செய்தவர், கணிதம் படித்தவர் இல்லை. மகனுக்காகக் கணிதப் புத்தகங்களை வரிவரியாக வாசித்துக் காட்டினார். குறியீடுகளின் பெயர் தெரியாததால், வெட்டுக்கணக் குறியை 'வால் கீழே' என்றும் சேர்ப்புக்கணக் குறியை 'வால் மேலே' என்றும் வாசித்ததாகச் சொல்வார்கள். அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்தான் 1938-இல் இந்தத் துறைக்கே அடித்தளமான நூலை எழுதினார். அவர் கண்ட இருமைத் தேற்றம், உள்ளூரளவில் கச்சிதமான பரிமாற்றுக் குலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைக்குலத்தைக் கொடுக்கிறது; இணையின் இணையை எடுத்தால் பழைய குலமே திரும்பக் கிடைக்கும். வளையலின் இணை முழு எண்கள். மீட்டரின் இணை 0.3, 0.25, 0.125 போல முடிவுறும் தசமப் பின்னங்கள், முழு எண் பகுதியை விட்டுவிட்டு. முடிவில்லாத மீட்டரின் மறுபக்கம் நம் கடைக்காரர் கணக்குப் பார்க்கும் தசமம்!

இனி அரைக்குலம். அதே மீட்டர் எண்களை எடுத்துக்கொண்டு, கூட்டலை விட்டுவிட்டுப் பெருக்கலைப் பார்ப்போம். பெருக்கலிலும் விடையின் கடைசி இலக்கங்கள், பெருக்கப்படும் எண்களின் கடைசி இலக்கங்களை மட்டுமே பொறுத்தவை. எனவே தொடர்ச்சி உண்டு. ஆனால் 10-ஆல் பெருக்கியதைத் திருப்பிப்போட இங்கே எந்த எண்ணும் இல்லை. …0001 என்று முடியும் எண்ணை 10-ஆல் பெருக்கிப் பெற முடியாது. ஆகவே இது அரைக்குலம்.

எல்லா இடமும் ஒரே மாதிரி என்ற சலுகை இங்கே போய்விட்டது. பூஜ்யம் ஒருவிதம், 1 ஒருவிதம், 5 இன்னொரு விதம். பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு சொல் வேண்டும்: கச்சிதம். நம் வகுப்புகளில் காம்பாக்ட் என்றே சொல்கிறோம். முடிவில்லாத எண்ணிக்கையில் புள்ளிகளைப் போட்டால், அவை எங்காவது ஓரிடத்தில் மொய்த்தே தீர வேண்டும், தப்பி ஓட வழி இருக்கக் கூடாது என்பது அதன் பொருள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கச்சிதமானது. முடிவில்லாத எண்கள் இருந்தால் அவற்றின் கடைசி இலக்கம் பத்தில் ஒன்றுதானே? ஏதோ ஓர் இலக்கத்தில் முடிவில்லாத எண்கள் குவியும். அவற்றில் அடுத்த இலக்கத்தைப் பாருங்கள், மறுபடி குவியும். அப்படியே போக வேண்டியதுதான்.

இப்போது எல்லோரும் கைப்பேசியில் கணிப்பானை எடுங்கள். 5 × 5 = 25. கடைசி இரண்டு இலக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். 25 × 25 = 625. மூன்று இலக்கங்கள். 625 × 625 = 390625. நான்கு இலக்கங்களை எடுத்தால் 0625. ஐந்து எடுத்தால் 90625. 90625 × 90625 = 8212890625. கவனித்தீர்களா? 25-இன் வர்க்கம் 25-இல் முடிகிறது, 625-இன் வர்க்கம் 625-இல் முடிகிறது, 90625-இன் வர்க்கம் 90625-இல் முடிகிறது. இலக்கங்கள் ஒவ்வொன்றாக உறைந்து நிலைத்துக்கொண்டே போகின்றன. எல்லையில் ஒரு மீட்டர் எண் நிற்கிறது: …8212890625. அதைத் தன்னோடு பெருக்கினால் அதுவே வரும். இப்படிப்பட்ட உறுப்புக்குத் தன்னடுக்கு உறுப்பு என்று பெயர். பூஜ்யமும் ஒன்றும் அப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியும். நாம் பார்த்தே இராத மூன்றாவது ஒன்று 5-க்குள் ஒளிந்திருந்தது. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் நான்காவதும் கிடைக்கும்: …1787109376. 376 × 376 = 141376, சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டின் கடைசி ஆறு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 890625 + 109376 = 1000001. பெருக்குங்கள்: 97,41,30,00,000. கூட்டினால் ஒன்றை நெருங்குகிறது, பெருக்கினால் பூஜ்யத்தை நெருங்குகிறது. பூஜ்யம் இல்லாத இரண்டு எண்கள் பெருகிப் பூஜ்யமாகின்றன.

இது தற்செயல் இல்லை. கச்சிதமான இடவியல் அரைக்குலம் ஒவ்வொன்றிலும் தன்னடுக்கு உறுப்பு ஒன்றாவது இருந்தே தீரும். ஜப்பானியக் கணிதர் நுமாகுரா 1952-இல் எழுதிய கட்டுரையும் பின்னர் ராபர்ட் எல்லிஸ் செய்த ஆய்வும் இந்தத் தேற்றத்துக்குப் பெயர் கொடுத்தன. நிரூபணம் நான்கே வரி. இந்த அரங்கில் சொல்லிவிடலாம் என்பதால் சொல்கிறேன். அரைக்குலத்துக்குள் மூடிய, அதாவது தன் உறுப்புகள் நெருங்கிச் சேரும் எல்லைகளையும் தன்னுள் வைத்திருக்கும், சிறிய அரைக்குலங்களைத் தேடிக்கொண்டே போங்கள். கச்சிதம் இருப்பதால், இதற்குமேல் சிறுக்க முடியாத ஒன்று கிடைக்கும். அதில் ஓர் உறுப்பை எடுத்து எல்லாவற்றையும் அதனால் வலப்பக்கம் பெருக்குங்கள். வருவதும் உள்ளே அடங்கிய மூடிய அரைக்குலம். சிறுக்க முடியாததால் முழுவதும் அதுவே. ஆகவே அந்த உறுப்பை மாற்றாமல் அதையே திருப்பித் தரும் பெருக்கிகள் சில உள்ளே உண்டு. அந்தப் பெருக்கிகளும் ஒரு மூடிய அரைக்குலம். மறுபடியும் சிறுக்க முடியாததால் எல்லா உறுப்பும் அப்படிப்பட்ட பெருக்கியே, நாம் எடுத்த உறுப்பு உட்பட. அது தன்னைத் தன்னால் பெருக்கினால் தானே. முடிந்தது. வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

தன்னடுக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு குலம் உண்டு; அந்தத் தன்னடுக்கே அதன் சமனி. மீட்டரில் 1-ஐச் சுற்றியுள்ள குலம் 1, 3, 7, 9 என்ற இலக்கங்களில் முடியும் எண்கள். இதில் 3-க்குப் பெருக்கல் எதிர்மறை எங்கே? 3 × 7 = 21. 3 × 67 = 201. 3 × 667 = 2001. 3 × 6667 = 20001. ஆகவே …6667 என்பதே மூன்றில் ஒன்று. பின்னமே இல்லாத மீட்டரில் மூன்றில் ஒன்று முழு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. கச்சிதமான அரைக்குலம் ஒன்றில் இருபுறமும் பொதுவான காரணியை நீக்க முடியுமானால், எதிர்மறைகள் தாமே முளைத்து அது குலமாகிவிடும் என்பது தேற்றம். திரும்பும் வழி இல்லாத இடத்தில் கச்சிதம் அந்த வழியைப் போட்டுக் கொடுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இதுதான்.

இந்தத் திசையில் பலரை நடத்திச் சென்றவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் துலேன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஏ.டி. வாலஸ். 1955-இல் இடவியல் அரைக்குலங்களின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியாக இருந்தது. கச்சிதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, எண்ணுறு கச்சிதம் மட்டும் வைத்துக்கொண்டால் மேற்சொன்ன தேற்றம் நிற்குமா என்று அவர் கேட்டார். 1996-இல் டெஸ்மண்ட் ராபியும் ஸெர்கே ஸ்வெட்லிச்னியும், கணக்கோட்பாட்டில் வரும் கான்டினுவம் கருதுகோளை ஏற்றுக்கொண்டால் நிற்காது என்று ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிக் காட்டினார்கள். அண்மையைப் பற்றிய ஒரு கேள்வி கணக்கோட்பாட்டின் அடிவேர்வரை போய்த் தொட்டது.

ஹில்பர்ட்டின் ஐந்தாம் கணக்கை அரைக்குலத்துக்குக் கேட்டால் என்ன ஆகும்? விழுந்துவிடும். 0 முதல் 1 வரை உள்ள எண்களில், 'இரண்டில் சிறியதை எடு' என்பதைச் செயலியாக வையுங்கள். சேர்ப்பு விதி சரி, தொடர்ச்சி சரி, சமனி 1. ஆனால் இரண்டு எண்களும் சமமாகும் இடத்தில் கூர்முனை. அங்கே வகையிட முடியாது. மழமழப்பைத் தருவது தொடர்ச்சி மட்டும் இல்லை, திரும்பும் வழியும் சேர்ந்துதான் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனாலும் ஒழுங்கு முழுவதும் போய்விடவில்லை. 0 பூஜ்யமாகவும் 1 சமனியாகவும் இந்த இடைவெளியின்மேல் அமையும் எந்த இடவியல் அரைக்குலமும் மூன்று வகைத் துண்டுகளால் மட்டுமே கட்டப்பட்டது என்று மோஸ்டர்ட்டும் ஷீல்ட்ஸும் 1957-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அறிகிறோம். சிறியதை எடுப்பது ஒன்று. சாதாரணப் பெருக்கல் ஒன்று. இரண்டையும் கூட்டி 1-ஐக் கழித்து, குறைந்தால் பூஜ்யம் என்று நிறுத்துவது ஒன்று. பரிமாற்று விதியை யாரும் கேட்கவில்லை, அதுவும் தானாகவே வந்துவிடுகிறது.

இனிச் சென்னைக்கு வருகிறேன், காரணத்தோடுதான். அதற்குமுன் ஒரு சின்ன முன்கதை. 1933-இல் ஹங்கேரியரான ஆல்ஃப்ரெட் ஹார், உள்ளூரளவில் கச்சிதமான குலத்தில் எங்கே நகர்த்திவைத்தாலும் மாறாத ஓர் அளவை உண்டு என்று காட்டினார். அதே ஆண்டில் காலமானார். அந்த அளவை வந்தபின் குலங்களின்மேல் நிகழ்தகவு பேச முடிந்தது. ஒரு சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 52 சீட்டுகளின் எல்லா வரிசை மாற்றங்களும் ஒரு குலம். ஆனால் 'குலுக்குவது' என்பது ஒரு வரிசை மாற்றம் இல்லை. எந்த மாற்றம் எவ்வளவு வாய்ப்போடு நிகழும் என்ற பரவல். ஒரு குலுக்கலுக்குப் பின் இன்னொன்று என்று இரண்டைச் சேர்த்தால் மூன்றாவது பரவல். எல்லாப் பரவல்களும் சேர்ந்து கச்சிதமான இடவியல் அரைக்குலம். குலுக்கியதைக் குலுக்கியே திருப்ப முடியாதல்லவா? தன்னடுக்குகள் எவை? முழுக்கக் கலந்துவிட்ட கட்டை மறுபடி குலுக்கினால் எதுவும் மாறாது, அது ஒன்று. சிவப்புச் சீட்டுகளை மட்டும் தங்களுக்குள் முழுக்கக் கலப்பது இன்னொன்று. பொதுவாக, கச்சிதமான குலத்தின்மேல் உள்ள தன்னடுக்குப் பரவல் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உட்குலத்தின் ஹார் அளவையே என்று கவாடாவும் இட்டோவும் 1940-இல் நிறுவினார்கள்.

சென்னையில் 1940-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போன எஸ்.ஆர்.சீனிவாச வரதன், 1963-இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடு இடவியல் குலங்களின்மேல் அமையும் பரவல்களின் சேர்க்கையைப் பற்றியதுதான். அந்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர் நிகழ்தகவியல் அறிஞர் ஆந்த்ரே கோல்மோகோரோவ். அதே 1963-இல், சென்னையில் பிறந்த இன்னொருவரான கே.ஆர்.பார்த்தசாரதியும் ஆர்.ரங்கா ராவும் வரதனும் சேர்ந்து, உள்ளூரளவில் கச்சிதமான பரிமாற்றுக் குலங்களின்மேல் அமையும் நிகழ்தகவுப் பரவல்களைப் பற்றி எழுதிய கட்டுரை வந்தது. பொன்ட்ரியாகினின் இருமைதான் அதன் முதுகெலும்பு. வரதனுக்கு 2007-இல் ஏபெல் பரிசு வேறு பணிக்காகக் கிடைத்தது. அவர் தொடங்கிய இடம் இந்தத் துறை என்பதை நம் கல்லூரிகளில் அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல வேண்டும்.

தன்னடுக்கின் பயனைப் பற்றி ஒன்று மட்டும் சேர்த்துவிட்டு முடிக்கிறேன். 1, 2, 3 என்ற எண்களுக்கு உங்கள் விருப்பம்போல் நான்கைந்து வண்ணங்கள் பூசுங்கள். எப்படிப் பூசினாலும் முடிவில்லாத எண்களின் தொகுப்பு ஒன்று கிடைக்கும். அதிலிருந்து வெவ்வேறு எண்களாக எத்தனை எடுத்துக் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒரே வண்ணத்தில் இருக்கும். 1974-இல் நீல் ஹிண்ட்மன் நிறுவிய தேற்றம் இது. முதல் நிரூபணம் கடினமானது. பின்பு கால்வினும் கிளேசரும் வேறு வழி கண்டார்கள். எண்களின் கூட்டத்தைக் கச்சிதமான ஓர் அரைக்குலத்துக்குள் பதித்து, அதில் ஒரு தன்னடுக்கை எடுத்தார்கள். தேற்றம் சில வரிகளில் விழுந்தது. அந்த அரைக்குலத்தில் தொடர்ச்சி ஒரு பக்கம் மட்டுமே உண்டு. ஆனால் சற்று முன் நான் சொன்ன நான்கு வரி நிரூபணமும் ஒரு பக்கத் தொடர்ச்சியைத்தான் பயன்படுத்தியது, நினைத்துப் பாருங்கள்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். 8212890625-ஐத் தன்னோடு பெருக்கினால் விடையின் கடைசிப் பதினொரு இலக்கங்கள் 18212890625. ஒவ்வொரு வர்க்கமும் குறைந்தது ஓர் இலக்கத்தையாவது புதிதாக நிலைநிறுத்தும் என்பதால் அந்த 1 இனி மாறாது. கைப்பேசிக் கணிப்பானில் பெரும்பாலும் இதற்குமேல் இடம் இருக்காது. கையால்தான் பெருக்க வேண்டும். பன்னிரண்டாவது இலக்கத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள்.